எட்டாவதாக மிதந்தவன்

கம்பாலாவில் மலைமேல் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நபோசாவின் அடுப்பு எரியவில்லை என்றால் அன்று ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். மற்ற நாட்களில் விடிந்தும் விடியாததுமாக வாழைக்காயையும் மாட்டுக்குடலையும் ஒரே சட்டியில் போட்டு அவள் வேகவைக்கும் கத்தோகோவின் வாசனை வார்டு ஜன்னல்கள் வரை ஏறிவிடும். நோயாளிக்குத் துணையாக வந்து தரையில் பாய் விரித்துக் கிடப்பவர்கள், ராத்திரி டூட்டி முடித்த நர்சுகள், பைக் டாக்சி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் தட்டோடு வந்து நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவள் பேர் தெரியாது. "குடல்காரி" என்பார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள்.

உகாண்டாவில் எங்கள் புகாண்டா பக்கம் யாராவது வேலையாக இருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியாது. "வேலை செய்றீங்களே, நன்றி" என்று சொல்லிவிட்டுத்தான் நகரவேண்டும். துணி துவைப்பவளுக்கும் சொல்லவேண்டும், பள்ளம் தோண்டுபவனுக்கும் சொல்லவேண்டும். அவள் உன் துணியைத் துவைக்கவில்லை, அவன் உனக்காகத் தோண்டவில்லை. இருந்தாலும் சொல்லவேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நபோசாவும் ஒருகாலத்தில் அந்தத் தொண்ணூறில் ஒருத்திதான். இப்போது அவள் நின்று, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்கிறாள். தெரியாதவர்கள் இவளுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். காரியம் எல்லாம் ஆகிவிட்டது, அதனால்தான் சொல்கிறாள். அவள் இப்படி ஆன கதையில் அவள் அத்தைக்குப் பெரிய பங்கு உண்டு. அண்ணனுக்குப் பெரிய அவமானம் உண்டு.

முதல் தடவை நோய் வந்தபோது அவள் மசாகா பக்கம் சொந்த ஊரில் இருந்தாள். இரண்டு பெண்பிள்ளைகள். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போனால் எப்போது வருவான் என்று லாரிக்கே தெரியாது. இடது மார்பில் ஒரு கட்டி வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டாள். கண்டுபிடித்தது அத்தை.

அப்பாவோடு பிறந்த அத்தைக்கு எங்கள் ஊரில் இருக்கும் அதிகாரம் பெற்ற தாய்க்குக் கிடையாது. பெண் வயதுக்கு வருவது, புருஷனோடு எப்படி இருப்பது, பிள்ளை தங்காதது என்று உடம்பைப் பற்றிய பேச்செல்லாம் அத்தையின் இலாகா. நபோசாவின் அத்தை யாயேரிக்கு வாய் நீளம், கை அதைவிட நீளம். ஒருநாள் கிணற்றடியில் நபோசா குடத்தை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றியதைப் பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, அந்தப் பக்கம் என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததைக் காட்டு பார்ப்போம். வெக்கப்படாதே, உன் புருஷனுக்கு முன்னாடியே நான் பார்த்ததுதான்."

பார்த்த பிறகு அத்தை ஒரு கேலியும் பேசவில்லை. மறுநாள் காலையில் இருவரும் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

அங்கே கட்டியில் ஒரு துண்டை வெட்டி, மருந்துத் தண்ணீர் நிறைந்த பாட்டிலில் போட்டு, அத்தையின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான். சதையைப் பரிசோதிக்கும் லேப் கம்பாலாவில் இருக்கிறது, சொந்தக்காரர்கள்தான் சுமந்துகொண்டு போகவேண்டும். அத்தை பாட்டிலைத் துணியில் சுற்றி, வாழைப்பழச் சீப்புக்கு நடுவே கூடையில் வைத்து பஸ் ஏறினாள். பாதி வழியில் மருந்து வாடை கிளம்பியது. கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அம்மா, கூடையில என்ன வெச்சிருக்கீங்க? நாத்தம் தாங்கல."

"என் மருமக."

"யாரு?"

"என் மருமகளோட ஒரு துண்டு. டாக்டரைப் பார்க்கப் போறா. அவளுக்கும் தனி டிக்கெட் எடுக்கணுமா, சொல்லு."

அதற்குப் பிறகு கம்பாலா வரை அத்தையின் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை. கால் நீட்டிக்கொண்டு போனதாக இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாள்.

அந்த லேப் ஒரு வாடகைக் கட்டிடத்தில் இருந்த சின்னத் தனியார் இடம். புற்றுநோய்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு சின்னப் பொருளையும் கொடுத்தார்கள். மஞ்சள் பிளாஸ்டிக் சட்டம், தீப்பெட்டியில் பாதிகூட இராது. அதன்மேல் வெள்ளை மெழுகு உறைந்திருந்தது. மெழுகுக்குள் நகக்கண் அளவுக்கு சதைத் துண்டு. ஓரத்தில் பென்சிலால் ஒரு நம்பர். "இதையெல்லாம் வெச்சுக்க எங்களுக்கு இடம் இல்லம்மா. உங்க சாமான், நீங்களே கொண்டுபோங்க" என்றார் அங்கே இருந்தவர்.

வீட்டுக்கு வந்து அத்தை அதைக் காட்டியபோது நபோசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதைக் கக்கூஸ் குழியில போடு அத்தை. எனக்கு அது கண்ணுலயே படக்கூடாது."

"சரி" என்றாள் அத்தை. சாயங்காலம் கேட்டதற்கு, "போட்டாச்சு" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு கம்பாலாவில் இந்த மலைமேல் ஆஸ்பத்திரியில்தான் நபோசாவுக்கு முதலில் மருந்து ஏற்றினார்கள், பிறகு மார்பை எடுத்தார்கள். முடி கொட்டியது, நாக்குக்கு ருசி போனது. துணைக்கு அத்தை வந்து போனாலும் பல நாள் தனியாகத்தான் கிடந்தாள். பக்கத்துப் பாயில் இருந்த ஒரு பெண் தினமும் தன் கஞ்சியில் பாதியை எடுத்து இவள் கிண்ணத்தில் ஊற்றுவாள். எந்த ஊர், என்ன பேர், எதுவும் தெரியாது. பாஷையும் ஒத்துப்போகாது. ஒரு காலையில் அந்தப் பாய் காலியாக இருந்தது. வீட்டுக்குப் போனாளா, வேறெங்காவது போனாளா என்று சொல்ல ஆள் இல்லை. குணமான பிறகு நபோசா ஊருக்குத் திரும்பாமல் பின்வாசலில் அடுப்பு மூட்டியதற்கு அந்தக் கஞ்சிதான் காரணம். கேட்டால், வியாபாரம் நன்றாக நடக்கிற இடம் என்பாள். அதுவும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

இனி அண்ணன் எரிசாவின் கதைக்கு வருவோம்.

எரிசாவுக்கும் அவன் மனைவி ப்ரோசிக்கும் ஏழு பிள்ளைகள். ஏழு பேருக்கும் குலப்பேர் வைக்கும் சடங்கு நடக்கவில்லை. "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்" என்று எரிசா தள்ளிக்கொண்டே போனான். தள்ளிப்போடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கடைசியில் நபோசாவுக்கு உடம்பு தேறி சில வருஷங்கள் ஆனபிறகு, ஊர் வீட்டில், ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே நாளில் நடத்தினார்கள்.

பிள்ளை பிறந்ததும் விழும் தொப்புள்கொடியை எங்களில் பத்திரப்படுத்துவார்கள். சடங்கன்று குலப்பெரியவர் அந்தக் கொடியைத் தண்ணீரும் வாழைப்பழக் கள்ளும் கலந்த பாத்திரத்தில் போடுவார். மிதந்தால் நம் குலத்துப் பிள்ளை, பேர் வைக்கலாம். மூழ்கினால் அம்மாக்காரி தலை குனியவேண்டும். மிதக்கட்டும் என்று முதல்நாளே நெய் தடவி வைத்துவிடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். எரிசாவும் ப்ரோசியும் கம்பாலாவில் ஒற்றை அறையில் குடியிருந்ததால் ஏழு கொடிகளும் அத்தையின் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொன்றையும் மரப்பட்டைத் துணியில் சுற்றி, வாழைநாரால் கட்டி, ஒரு பெரிய முடிச்சில் வைத்திருந்தாள்.

சடங்கன்று அத்தை கள் ஊற்றுகிறவனோடு சண்டை போடப் போயிருந்தாள். குலப்பெரியவருக்குப் பொறுமை இல்லை. முடிச்சைத் தானே அவிழ்த்து ஒவ்வொரு பொட்டலமாகப் பிரிக்காமலே எடுத்துப் போட்டார். ஒன்று மிதந்தது, பேர் வைத்தார். அடுத்ததும் மிதந்தது. கைதட்டல், குலவை. ஏழும் முடிந்து, ஏழு பிள்ளைகளும் அம்மாவைச் சுற்றிப் பேரோடு உட்கார்ந்திருந்தபோது பெரியவரின் கை மறுபடி முடிச்சுக்குள் போய் இன்னொரு பொட்டலத்தோடு வந்தது. போட்டார். அதுவும் மிதந்தது. மற்றவற்றைவிட நன்றாகவே மிதந்தது.

"இவன் பேர் முபிரு" என்றார் பெரியவர். "பிள்ளை எங்கே?"

எல்லோரும் பிள்ளைகளை மறுபடி எண்ணினார்கள். அப்போதுதான் ஓடிவந்த அத்தை பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "வெளியூர்ல இருக்கான்" என்றாள்.

அவ்வளவுதான். பெரியவருக்கு அது போதும். ப்ரோசிக்குப் போதவில்லை. தான் பெற்றது ஏழு, மிதந்தது எட்டு, எட்டாவதும் எரிசாவின் மம்பா குலத்துப் பிள்ளை என்றால் அது யார் பெற்ற பிள்ளை? அன்று ராத்திரியே எரிசாவின் பாய் வாசல்பக்கம் வந்துவிட்டது.

"சத்தியமா எனக்குத் தெரியாது ப்ரோசி."

"உனக்குத் தெரியாம உனக்குப் பிள்ளை பொறக்குமா? அது எனக்குத்தான் நடக்காது. ஆம்பிளைக்கு நடக்கும்."

எரிசா அத்தையிடம் போய்க் கெஞ்சினான். அத்தை, "எனக்கு ஒண்ணும் தெரியாது, பெரியவரைக் கேளு" என்று அடுப்பை ஊதப் போய்விட்டாள். அப்படியொரு வாயாடி அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் தைத்துக்கொண்டாள். பாவம் எரிசா. சோம்பேறிதான், ஆனால் அந்த விஷயத்தில் அவன் மேல் ஒரு குற்றமும் கிடையாது. பல வருஷம் அவன் வீட்டில் யாராவது தட்டைத் தவறவிட்டால்கூட "முபிரு வந்து பொறுக்குவான்" என்று ப்ரோசியின் குரல் கேட்கும். நபோசாவும் அண்ணனை நம்பவில்லை. அதை அவளே பிற்பாடு வருத்தப்பட்டுச் சொன்னாள்.

இருமல் வந்தது அதற்கப்புறம். அடுப்புப் புகை என்று நபோசா நினைத்தாள். அவளிடம் தினமும் சாப்பிடும் டாக்டர் அமோங்கிதான் இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுக்கவைத்தாள். வடக்கே லாங்கோ பக்கத்துப் பெண், லேபில் சதையைப் பரிசோதிக்கிறவள். எங்கள் பாஷையை உடைத்து உடைத்துப் பேசுவாள், அதைக் கேலி செய்தால் தட்டில் கூடுதல் குடல் கேட்பாள். படத்தில் வலது நுரையீரலில் ஒற்றையாக ஒரு கட்டி தெரிந்தது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்.

அமோங்கி அடுப்புக்குப் பக்கத்தில் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

"மறைக்காம சொல்றேன் நபோசா. ரெண்டு வழி இருக்கு. மாருல இருந்த பழசு அப்பவே ரத்தத்துல கிளம்பிப் போய் அங்க குடியேறி இத்தனை நாள் தூங்கியிருக்கலாம். அப்படின்னா வெட்டிப் பிரயோஜனம் இல்ல. கண்ணுக்குத் தெரியறது ஒண்ணு, தெரியாதது இன்னும் எங்கெங்க இருக்கோ. மாத்திரை கொடுத்துத் தள்ளிப்போடுவோம், அவ்வளவுதான். இல்ல, இது நுரையீரல்லயே தானா முளைச்ச புதுசா இருக்கலாம். அப்படின்னா சின்னது, தனியா இருக்கு. வெட்டி எடுத்தா முடிஞ்சுது."

"எதுன்னு பார்த்தா தெரியாதா?"

"மைக்ராஸ்கோப்புல ரெண்டு மாதிரியும் தெரியுது. ஆபரேஷன் பண்றவரு, தெரியாம நெஞ்சைத் திறக்க மாட்டேங்கிறாரு. அவர் சொல்றதும் நியாயம்தான்."

நபோசா கரண்டியை வைத்துவிட்டாள். "தெரிஞ்சுக்க வேற வழி?"

"செல்லுக்குள்ள மரபணுன்னு இருக்குல்ல, அது எழுத்து எழுத்தா இருக்கும். புத்து வந்த செல்லுல சில எழுத்து பிசகியிருக்கும். அது எத்தனை குட்டி போட்டாலும் அத்தனையிலயும் அதே பிசகு இருக்கும். தூரமா போய்க் குடியேறினா புதுசா நாலு பிசகு சேர்த்துக்கும், பழசை விடாது. உங்க ஆளுங்க மாதிரிதான். மம்பா குலத்துக்காரன் லண்டனுக்கே போகட்டும். கோட்டு போடுவான், பாஷையை மாத்துவான். மம்பா மீனைத் தட்டுல வெச்சா மட்டும் எழுந்து போயிடுவான்."

நபோசா தன்னை மறந்து சிரித்தாள். அவளும் குலச்சின்னமான அந்த மீனைத் தொடமாட்டாள்.

"பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் படிச்சா ஒரே குலமா இல்லையான்னு சொல்லிடலாம். பழசு வேணுமே. அன்னைக்கு முதல் பரிசோதனை பண்ணின லேப் எங்க?"

அந்த லேப் மூடி வருஷக்கணக்காகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். இங்கே மார்பை எடுத்தபோது வைத்த துண்டில், மருந்து ஏற்றியபிறகு எடுத்ததால், புற்றுநோய் செல் தேடினாலும் கிடைக்கவில்லை. "மெழுகுல வெச்சு ஒரு கட்டி தந்திருப்பாங்களே, மஞ்சளா?" என்று அமோங்கி கேட்டபோதுதான் நபோசாவுக்கு அது நினைவுக்கு வந்தது. அதைக் குழியில் போடச் சொன்னது அவளேதான்.

ஞாயிற்றுக்கிழமை எரிசா வீட்டில் எல்லோரிடமும் சொன்னாள். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு அத்தை மசாகாவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். மூலையில் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சாகப் பயமா இருக்கு" என்றாள் நபோசா. அதுவரை அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "சின்னவ இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கல. வெட்டினா பிழைச்சுப்பேனான்னு தெரிஞ்சுக்கக்கூட வழியில்லாம நானே பண்ணிக்கிட்டேன். அந்தச் சனியனைத் தூக்கிப் போடச் சொன்னேனே."

அத்தை எழுந்து தன் கூடையைத் துழாவினாள். மரப்பட்டைத் துணியில் சுற்றி வாழைநாரால் கட்டிய பொட்டலம் ஒன்றை எடுத்து நபோசாவின் மடியில் வைத்தாள்.

"போடல" என்றாள்.

"என்ன அத்தை?"

"பொய் சொன்னேன். போடல. நம்ம தலைமுடியைக்கூட ஊரான் கையில சிக்காம பொதைக்கிறோம். இது உன் மாருச் சதை. கெட்டுப்போன பிள்ளைன்னா குழியில வீசிடுவாங்களா? எங்க வைக்கிறதுன்னு தெரியல. கொடியெல்லாம் வெச்ச முடிச்சுலயே வெச்சேன். உனக்கு மறுபடி முடியலன்னதும் கையோட எடுத்துக்கிட்டு வந்தேன்."

முதலில் புரிந்தது ப்ரோசிக்கு.

"அப்ப முபிரு..."

"இதுதான் முபிரு" என்றாள் அத்தை. "பெரியவரு அவசரக்குடுக்கை. நான் வர்றதுக்குள்ள எடுத்துப் போட்டுட்டாரு. மெழுகாச்சே, மிதக்காம என்ன செய்யும்? குலத்துக்கு முன்னாடி என்னன்னு சொல்றது, நோய்க்குப் பேர் வெச்சுட்டீங்கன்னா?"

எரிசா எழுந்து நின்றான். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "அத்தை, நான் எத்தனை வருஷமா வாசல்ல படுத்திருக்கேன் தெரியுமா? குளிர்ல?"

"தெரியும்டா. அதான் போர்வை அனுப்பினேன்."

ப்ரோசி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து அது அழுகையானது. எரிசாவின் காலடியில் உட்கார்ந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நபோசா மட்டும் மடியில் இருந்த பொட்டலத்தின்மேல் கை வைத்தபடி அசையாமல் இருந்தாள். கண்ணிலேயே படக்கூடாது என்று சொன்னதை இப்போது கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அமோங்கி பொட்டலத்தைப் பிரித்தபோது லேப் முழுக்க நெய் வாடை. பென்சிலால் எழுதிய நம்பர் அழியாமல் இருந்தது. அந்தப் பழைய லேப் எழுதிக் கொடுத்த தாளில் இருந்த நம்பரோடு ஒத்துப்போனது. நடந்ததைக் கேட்டபோது அமோங்கி மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள்.

"கள்ளுல வேற குளிச்சிருக்கான். பரவாயில்ல, மெழுகு நல்லாக் காப்பாத்தியிருக்கு. அத்தை, உங்களுக்குப் புரியுதா நான் என்ன பண்ணப்போறேன்னு?"

"புரியாம என்ன? மறுபடியும் மிதக்குதான்னு பார்க்கப்போற" என்றாள் அத்தை. பிறகு, "டாக்டரம்மா, எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தச் சடங்குல உக்காந்திருக்கேன். நம்ம பிள்ளையா இருக்கணும், நம்ம பிள்ளையா இருக்கணும்னுதான் வேண்டியிருக்கேன். நெஞ்சுல இருக்கிறது நம்ம முபிருவுக்குப் பொறந்ததா இருக்கக்கூடாதுன்னு வேண்டறேன். இப்படி வேண்டலாமா?" என்று கேட்டாள்.

"வேண்டுங்க" என்றாள் அமோங்கி. அவள் சிரிக்கவில்லை.

முடிவு வர வாரங்கள் ஆயின. மின்சாரம் போனது, ஏதோ மருந்து வெளிநாட்டிலிருந்து வரத் தாமதமானது. நபோசா தினமும் அடுப்பு மூட்டினாள். உப்பை இரண்டு தடவை போட்டாள், சில நாள் போடவே இல்லை. வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே தின்றார்கள். அத்தை ஊருக்குப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாழைக்காய் உரித்தாள், போகிற வருகிற ஆண்களின் நடையை வைத்து அவர்கள் வீட்டு விஷயங்களைச் சொல்லி நபோசாவைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். நபோசா சிரிப்பாள். அத்தை தலை திரும்பியதும் மலைமேல் லேப் ஜன்னலைப் பார்ப்பாள்.

ஒரு காலையில் அமோங்கி தட்டு இல்லாமல் வந்தாள். வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது.

"சம்பந்தமே இல்ல நபோசா. முபிருவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பிசகின எழுத்துல ஒண்ணுகூட ஒத்துப்போகல. இது வேற குலம். தனி ஆளு. வெட்டிடலாம்னு சொல்லிட்டாங்க."

நன்றி சொல்ல நபோசா எங்கள் வழக்கப்படி மண்ணில் மண்டியிட்டாள். அமோங்கிக்கு வெட்கமாகப் போய் அவளும் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். அத்தை இருவர் தலையிலும் கை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள். அன்று கத்தோகோ அடிப்பிடித்துக் கரிந்தது. ஒரு பைக் டாக்சிக்காரன் மட்டும், "நல்ல செய்தின்னா இலவசமாக் குடுக்கணும், கரியைக் குடுக்கக்கூடாது" என்றான். கடைசியில் அவனுக்கும் கரியோடு இலவசமாகத்தான் கிடைத்தது.

ஆபரேஷன் நடந்தது. வலது பக்கத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். அவள் படுத்திருந்த நாட்களில் ப்ரோசி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள், எரிசா ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் வாழைக்காய் சுமந்தான். இப்போது நபோசாவால் மேட்டை ஒரே மூச்சில் ஏற முடியாது. நடுவில் நின்று, வழியில் வேலை செய்கிறவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு ஏறுகிறாள். அவள் சொல்வது நீளமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்கிறார்கள். இதுவரை சுத்தம்.

அத்தை முபிருவைத் திருப்பிக் கேட்டாள். அமோங்கி தரவில்லை. "இங்கயே இருக்கட்டும் அத்தை. பின்னாடி எங்கயாவது ஏதாவது முளைச்சா முபிருவைத்தானே கேக்கணும்?" என்றாள். அத்தை யோசித்துவிட்டு, துணியை மட்டும் கழற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அந்த லேப் அலமாரியில் வரிசை வரிசையாக மஞ்சள் கட்டிகள் அடுக்கியிருக்கின்றன. ஒன்று மட்டும் மரப்பட்டைத் துணி போர்த்திக்கொண்டு இருக்கிறது.

போன வருஷம் எரிசாவின் மூத்த மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். ஊர் வீட்டில் விருந்து. குலப்பெரியவரும் வந்திருந்தார், முன்னைக்கு இப்போது கண் மங்கல். நபோசா அவர் முன்னால் மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். பக்கத்தில் அத்தை. பெரியவர் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார். ஏழு பேரும் முடிந்ததும் கை காற்றில் நின்றது.

"இன்னும் ஒருத்தன் உண்டே. முபிரு. நான் பேர் வெச்ச பிள்ளையை நான் மறக்க மாட்டேன். இன்னுமா வெளியூர்ல இருக்கான்?"

அத்தை நபோசாவைப் பார்த்தாள். அத்தை அப்படிப் பயந்து யாரும் பார்த்ததில்லை.

"கம்பாலாவுல இருக்கான்யா" என்றாள் நபோசா. "ஆஸ்பத்திரியில."

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு இல்லய்யா. வேலையா இருக்கான்."

"ஆஸ்பத்திரி வேலையா? நல்லது, நல்லது. பிள்ளை குட்டி உண்டா?"

நபோசாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "இல்லய்யா" என்றாள். "தேடிப் பார்த்தாச்சு. ஒண்ணுகூட இல்ல."

அதற்கு ஏன் இந்தப் பெண் இப்படி அழுகிறாள் என்று பெரியவருக்குப் புரியவில்லை. வருத்தப்படுகிறாள் என்று நினைத்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "பரவாயில்லம்மா. நல்ல வேலையில இருக்கான்ல. பார்த்தா, வேலைக்கு நன்றின்னு நான் சொன்னதாச் சொல்லு."

திங்கட்கிழமை காலையில் அமோங்கியின் தட்டை நபோசா தானே லேபுக்கு எடுத்துப்போனாள். தட்டை மேஜையில் வைத்துவிட்டு அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"முபிரு, பெரியவர் உனக்கு வேலைக்கு நன்றி சொல்லச் சொன்னாரு" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "நானும்" என்றாள்.